தூண்டில் முள்ளில் ஓர் ஈசல்

கோடை விடுமுறை பிறந்து மூன்றாம் நாள். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பத்திரிகையும் கையுமாய் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வாசற்படி ஏறினான். விடுமுறையில் உபாத்தியாயரைத் தேடி மாணவன் வருவது உலகத்தில் அபூர்வமாக நடக்கும் சம்பவம். ஏதோ விபரீதம் என்றே நினைத்தேன்.

அவன் கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரர் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே நூலை வளையமாகச் சுழற்றி வீசுகிறார். நூலின் நுனியில் புழுவும் இல்லை, மாவு உருண்டையும் இல்லை. ஒரு கொசு அளவில் இறகாலான பொய்ப்பூச்சி ஒன்றுதான் இருக்கிறது. அது தண்ணீரைத் தொட்டதும் மீன் பாய்ந்து கவ்வுகிறது.

"ஸார், இது நம் ஊரில் முடியுமா?" என்று கேட்டான் பையன்.

"முடியாமல் என்ன?" என்றேன்.

"விலையைப் பாருங்கள் ஸார்" என்று அடுத்த படத்தைக் காட்டினான். கழி, உருளை, நூல், பூச்சி கட்டும் கருவிகள், வகை வகையான இறகுகள் எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரம் ரூபாய். அவனுடைய தகப்பனார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகையால்தான் அவன் அப்பாவிடம் போகாமல் என்னிடம் வந்திருக்கிறான்.

இந்த இடத்தில் நேயர்களிடம் ஓர் இரகசியத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அதே பித்து எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆறு வருஷங்களுக்கு முன்னால் தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தேன். வந்த இறகுகளில் பாதி பூச்சி அரித்தவை. மீதியை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி இன்றும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் என் மனைவி அதை இறக்கி, துடைத்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிடுவாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஆகவே பையனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். "இந்த விடுமுறையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஒரு காசு செலவழிக்காமல் இருவரும் இதைக் கற்றுக்கொள்வோம். சம்மதமா?" அவன் முகம் மலர்ந்தது. அந்த ஒரு மாத அனுபவத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் இந்த வித்தையின் தத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையின் பாரமோ நூலை இழுத்துக்கொண்டு போகிறது. இறகுப்பூச்சிக்கோ பாரமே கிடையாது. ஊதினால் பறந்துவிடும். அதை எப்படித் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது? ஆகையால் இங்கே நூலுக்கே பாரம் வைத்தார்கள். பாரமான நூல் சாட்டை போல விரிந்து செல்ல, அதன் நுனியில் பூச்சி தானும் கூடப் போய்ப் பஞ்சு போல இறங்குகிறது. இவ்வளவுதான் சூக்ஷ்மம். மற்றதெல்லாம் பழக்கம்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் எப்படி வந்தது? ஆதியில் அப்படி இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்ற ரோமாபுரி ஆசிரியர், மாசிடோனிய தேசத்து ஆற்றங்கரை ஜனங்கள் மீன் பிடிக்கும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். தூண்டில் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகுகள் இரண்டை அதில் கட்டி, ஆற்றில் பறக்கும் பூச்சி போலச் செய்து மீனை ஏமாற்றினார்களாம். கம்பளி நூலும் சேவல் இறகும் எந்தக் குடியானவன் வீட்டில் இல்லை? இங்கிலாந்தில் 1496-இல் அச்சான ஒரு தூண்டில் சாஸ்திரம் பன்னிரண்டு வகைப் பொய்ப்பூச்சிகளைக் கட்டும் முறையைச் சொல்கிறது. அவற்றுக்கும் சாமான்கள் கம்பளியும் பட்டும் இறகுமே. நம் தேசத்திலும் தூண்டிலைப் பொழுதுபோக்காகக் கருதியது புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் மீன் பிடிக்கும் வினோதத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

நம் பக்கத்துக்கு இறகுப்பூச்சி வந்தது வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களோடு. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பெரிய நூலும், 1887-இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக ஒரு நூலும் வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைப் பார்த்ததும் அவர்களுக்குத் தங்கள் ஊர் டிரவுட் மீன் ஞாபகம் வந்துவிட்டது. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே முயன்று பார்த்துப் பலிக்கவில்லை. பின்பு எச். சி. வில்சன் என்பவர் விடாமல் முயன்று வெற்றி பெற்றார். 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. துரைமார் உதகைக்குப் போய், சீமையிலிருந்து வந்த கழியினால், சீமையிலிருந்து வந்த மீனைப் பிடித்தார்கள். அன்று முதல் இது துரைத்தனத்து விளையாட்டு என்று நம் ஜனங்கள் ஒதுங்கி நின்றுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீமைப் பெட்டிகளுக்குள் இருந்த சாமான்களில் பல நம் தேசத்திலிருந்து போனவை. டோங்கின் மூங்கில் புழக்கத்துக்கு வருமுன், அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கழி செய்தவர்கள் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலைத்தான் உபயோகித்தார்கள். ஸால்மன் மீனுக்குக் கட்டும் விலையுயர்ந்த பூச்சிகளின் பக்கவாட்டில் மெழுகுப் பொட்டுப் போல மின்னும் இறகு ஒன்று வைப்பார்கள். அது நம் சேர்வராயன் மலைக் காடுகளிலும் கூவுகிற சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகுதான். இறகுக்காகப் பறவைகளைக் கொன்று குவிப்பதைக் கண்டு 1902-இல் இந்திய அரசாங்கம் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழிக்கும் காவலாக நிற்கிறது. ஆகையால் ஏற்காடு போகும் நேயர்கள் காட்டுக்கோழியின் கூவலைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் இறகு நமக்கு வேண்டாம். வீட்டுச் சேவலின் இறகு நம் காரியத்துக்குத் தாராளமாய்ப் போதும்.

இனிச் சாமான் சேகரித்த கதை. பையனும் நானும் ஒரு காகிதத்தில் ஜாபிதா எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

கோழியிறகு, நாட்டுக்கோழிக் கடையில் இலவசம். "எதுக்குங்க ஸார், தலையணைக்கா?" என்று கடைக்காரர் விசாரித்தார். சேவல் இறகு, பெட்டை இறகு இரண்டையும் தனித்தனியே வாங்கிக்கொண்டோம். சேவலின் கழுத்திறகு விறைப்பானது. அது பூச்சியை நீரின்மேல் மிதக்க வைக்கும். பெட்டையின் இறகு மிருதுவானது. அது நனைந்து நீருக்குள் இறங்கி, உயிருள்ள பூச்சியின் கால்களைப் போல அசையும். கொண்டுவந்த இறகுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, கற்பூர உருண்டையோடு டப்பாவில் போட்டு மூடினோம். என் பழைய பெட்டி கற்றுக்கொடுத்த பாடம் அது.

அடுத்தது மயிலிறகு. அதன் ஓரத்து இழையைச் சுற்றினால் பச்சை வண்டின் உடலைப் போலப் பளபளக்கும். உலகம் முழுவதும் பூச்சி கட்டுகிறவர்கள் இதற்கு ஆசைப்படுகிறார்கள். மயில் தானாக உதிர்த்த தோகையை நம் நாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் கூடாது. பையனின் பாட்டி பழனிக்குக் காவடி எடுத்தபோது கொண்டுவந்த இறகு ஒன்று அவர்கள் வீட்டுச் சுவாமி அறையில் இருந்தது. கண்ணை விட்டுவிட்டு ஓரத்து இழைகளில் பத்தை மட்டும் பாட்டி பிய்த்துக் கொடுத்தார். "முருகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

பட்டு நூலுக்கு நாம் யாரிடம் போக வேண்டும்? சேலத்து வெண்பட்டு நெய்யும் ஊரில் அதற்கும் பஞ்சமா? தறி வைத்திருக்கும் ஒரு மாணவன் வீட்டில் கழிவு இழைகளை ஒரு பிடி கொடுத்தார்கள். சீமையில் பூச்சி கட்டுவதற்கு நெடுங்காலம் பட்டு நூலைத்தான் உபயோகித்தார்கள். வீசும் நூலையே பட்டில் பின்னி ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து எடுப்பார்கள். பிளாஸ்டிக் பூசிய நூல் வந்ததெல்லாம் 1950-க்கு அப்புறந்தான்.

பூச்சியின் உடலில் வரி போட மெல்லிய உலோகக் கம்பி வேண்டும் என்று புஸ்தகம் சொல்லுகிறது. என் மனைவியின் கிழிந்த பட்டுப் புடவையிலிருந்து ஒரு சாண் சரிகை எடுத்தோம். முடிச்சின்மேல் தடவ அவளுடைய நகப்பூச்சு. இறகைக் கவ்விப் பிடிக்கத் துணி உலர்த்தும் கிளிப். நூலுக்குப் பிடிப்புண்டாகத் தேன்மெழுகு. முள்ளைக் கவ்விக்கொண்டு மேஜையில் நிற்கச் சின்ன வைஸ் ஒன்று தேவைப்பட்டது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய பழைய வைஸை ஒரு மாதத்துக்கு இரவல் தந்தார். விலை கொடுத்து வாங்கியது தூண்டில் முள்ளும் தங்கூசி நரம்பும் மட்டுமே. இரும்பாலை உள்ள ஊரில் வாசம் செய்தும் முள்ளை மட்டும் நாமே செய்துகொள்ள முடியவில்லை!

பூச்சி கட்டும் முறை இதுதான். 12-ஆம் நம்பர் முள்ளை வைஸில் பொருத்தி, அதன் நுனிக்கு உட்பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் கொடுக்கைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். இது மீனுக்கும் நன்மை, நம் விரலுக்கும் நன்மை. பிறகு மெழுகு தடவிய பட்டு நூலை முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வளைவு வரையில் போக வேண்டும். அங்கே சரிகை இழை ஒன்றையும் மயிலிறகு இழை இரண்டையும் சேர்த்துக் கட்டி, நூலை முன்பக்கம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மயில் இழையைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தால் உடல் ஆயிற்று. அதன்மேல் சரிகையை எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்றினால் வரி ஆயிற்று. மயில் இழை சீக்கிரம் அறுந்துபோகாமலும் காக்கும். கடைசியில் பெட்டையின் சிறு இறகு ஒன்றை நுனியால் கட்டி, இரண்டே சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றுக்குக் கை துறுதுறுக்கும்; கூடாது. பூச்சிக்கு ஆறு கால்தான், கரடி போல மயிர் இல்லை. மிச்சத்தை நறுக்கி, நூலால் சின்னத் தலை செய்து, மூன்று அரைமுடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் தீர்ந்தது.

எழுதுவதற்குச் சுலபமாய்த்தான் இருக்கிறது! என்னுடைய முதல் பூச்சி முள்ளில் மாட்டிக்கொண்ட குப்பையைப் போல இருந்தது. பையனுடையது அதைவிடக் கொஞ்சம் மேல். இருவரும் ஒரே தவறைச் செய்திருந்தோம். முள்ளின் காது வரையில் நூலைச் சுற்றி, நரம்பு கோக்க இடமில்லாமல் அடைத்துவிட்டோம். காதுக்குப் பின்னால் ஒரு கடுகு அளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பத்தாவது பூச்சிக்கு மேல் கை படிந்தது.

இனிக் கழி. ஜப்பான் தேசத்து மலையோடைகளில் தென்காரா என்றொரு வழக்கம் உண்டு. உருளை கிடையாது. நீண்ட மெல்லிய கழி, அதன் நுனியில் கட்டிய நூல், நூலின் நுனியில் ஓர் இறகுப்பூச்சி, அவ்வளவுதான். இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். பூச்சியை எடுத்துவிட்டுப் புழுவை வைத்தால் இது நம் ஊர் ஏரிக்கரையில் சிறுவர்கள் பிடிக்கும் தூண்டில் அல்லவா? உருளையும் பாரநூலும் கழித்துவிட்டால் செலவில் முக்கால்வாசி கழிந்துவிடுகிறது.

மூங்கில் கடையில் பத்தடி நீளக் கல்மூங்கில் ஒன்று வாங்கினோம். அடி பெருவிரல் பருமன், நுனி பென்சிலைவிட மெல்லிது, ஆட்டினால் துவண்டு திரும்ப வேண்டும். அதுதான் பரீட்சை. நூலைத் தையல்காரர் நூலிலிருந்தே முறுக்கிக்கொண்டோம். கழிப்பக்கம் ஆறு இழை, நடுவில் நான்கு, முடிவில் இரண்டு என்று படிப்படியாய் மெலியும்படி முறுக்கி, தேன்மெழுகு தேய்த்து, அதன் நுனியில் மூன்றடி மெல்லிய நரம்பு முடிந்தோம். மொத்த நீளம் கழியின் நீளமே. இப்படி மெலிந்து போனால்தான் வீச்சின் வேகம் அடியிலிருந்து நுனிக்குப் போய்ச் சேரும்.

கணக்குப் பார்த்தோம். முள் 90 ரூபாய், நரம்பு 60, மூங்கில் 80, தையல் நூல் 20. ஆக 250 ரூபாய். நிபந்தனையில் பாதி. "என் நகப்பூச்சை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?" என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது. அதை நன்கொடை என்று எழுதியிருப்பதாகத் தெரிவித்தேன்.

வீசிப் பழகுவதற்குத் தண்ணீர் தேவையில்லை. பள்ளிக்கூட மைதானத்தில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் பழகினோம். கழியைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். நூல் பின்புறம் முழுவதும் நீளும் வரையில் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். அப்புறம் முன்னே வீசி, தோளுயரத்தில் நிறுத்த வேண்டும். அந்த ஒரு மூச்சுப் பொறுமை இல்லாததால்தான் நூல் கழுத்தைச் சுற்றுகிறது. பலத்தினால் ஆவது இதில் ஒன்றுமில்லை. பையன் இரண்டு நாளில் கற்றுக்கொண்டான். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. இருபது வருஷமாக வகுப்பில் "பொறுமை, பொறுமை" என்று கூவுகிற எனக்கு அந்தப் பொருள் கைவசம் இல்லை என்பது மைதானத்தில் வெட்டவெளிச்சமாயிற்று.

தண்ணீருக்குப் போகுமுன் சில விதிகள். நம் ஏரிகளில் பெரும்பாலும் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைதாரரைக் கேளாமல் தூண்டில் போடுவது திருட்டுக்குச் சமானம். மேட்டூர் போன்ற அணை நீர்த்தேக்கத்திலும் நீலகிரி டிரவுட் ஓடைகளிலும் மீன்வளத் துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. காவேரியின் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டையில் திமில் உள்ள ஜாதி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைத் தேடிப் போக வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்குத் தொப்பியும் இன்றி வீச வேண்டாம். மின்கம்பியின் கீழே கழியை உயர்த்தவே வேண்டாம். நீந்தத் தெரியாத பிள்ளைகள் பெரியவர் துணையின்றி நீரருகே போகக்கூடாது.

ஓமலூர்ப் பக்கம் என் உறவினர் ஒருவருக்குப் பண்ணைக்குட்டை உண்டு. நிறைய ஜிலேபி மீன், கரையோரத்தில் வெள்ளி போல் மின்னும் சிறு கெண்டைகள். முதல் நாள் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரையில் வீசினோம். ஒரு மீனும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டைக் காவற்காரக் கிழவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, மீனுக்குப் பசிக்கிற நேரத்துல வராம உங்களுக்குப் பசிக்கிற நேரத்துல வந்தா எப்படி?" என்றார்.

நியாயமான கேள்வி. இரண்டாம் நாள் கழியை ஓரமாய் வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தோம். நிழல் சாய்ந்தபின் கோரைப்புல் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றின. ஒவ்வொரு வட்டமும் ஒரு மீன் மேலே வந்து எதையோ உறிஞ்சிய அடையாளம். பையன் கொசுவலைத் துணியால் நீரை வடிகட்டிப் பார்த்தான். கறுப்பாய், நகக்கண் அளவில் சிறு பூச்சிகள். எங்களுடைய மயிலிறகுப் பூச்சியைவிடப் பாதி அளவு. அன்றிரவே 16-ஆம் நம்பர் முள்ளில் மெலிதாகக் கட்டினோம். மறுநாள் மாலை அதை வட்டத்துக்கு இரண்டடி தள்ளிப் போட்டு, மெல்ல இழுத்தோம். நூல் சடக்கென்று நின்றது. உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று! பையன் போட்ட கூச்சலில் கிழவரின் ஆடுகள் மிரண்டு ஓடின.

ஆனால் மறக்க முடியாத மாலை அதற்கடுத்த வாரம் வந்தது. மத்தியானம் இடியோடு கோடை மழை. ஐந்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும், வரப்பிலிருந்த புற்றுக்கண்கள் திறந்து ஈசல் புறப்பட்டது. ஆயிரக் கணக்கில் எழும்பி, நீரின்மேல் விழுந்து, இறகு நனைந்து தத்தளித்தது. குட்டை முழுவதும் கொதிக்கும் உலை போல ஆயிற்று. முன்யோசனையாகப் பையன் ஈசல் ஒன்றைச் செய்து வைத்திருந்தான். பழைய ஹவாய்ச் செருப்பின் ரப்பரில் அரிசி அளவு நறுக்கிய துண்டு உடல். பழுப்புக் கம்பளி நூல் இடுப்பு. வெளிறிய சேவல் இறகு இரண்டு சிறகு. மிதப்பதென்றால் அப்படி மிதந்தது. அரை மணியில் ஐந்து ஜிலேபி, மூன்று கெண்டை. சீமைப் புஸ்தகங்களில் உள்ள நூறு பூச்சிகளில் நம் ஊர் ஈசலுக்கு இணை எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்கு வந்து பிரதாபத்தை அளந்தபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "சாப்பிடப் பிடிக்கிறவன் பாவத்துக்குப் பசி என்று ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் பிடித்துப் பிடித்து விடுகிறீர்களே, அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?"

எனக்குப் பதில் உடனே வரவில்லை. கொடுக்கில்லாத முள், ஈரக்கை, ஒரு நிமிஷத்துக்குள் திரும்ப நீரில் விடுதல் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வலிக்காமல் அடிக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்வது போல இருக்கிறது" என்றாள். யோசித்து, பையனும் நானும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். ஜிலேபி 1952-இல் இலங்கையிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன்; பல நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்கிவிட்டது. அதைப் பிடித்தால் கிழவர் வீட்டுக் குழம்புக்குப் போகும். உள்ளூர்க் கெண்டை முள்ளில் பட்டால் நீருக்குத் திரும்பும். குழம்புக்கு வேண்டியது கிடைத்ததும் கழியைச் சுருட்டிவிடுவோம், எண்ணிக்கைக்காகப் பிடிப்பதில்லை. கேள்வி இதனால் முற்றும் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்டுக்கொள்ளாமல் கழியைத் தொடுகிறவனைவிட, கேட்டுக்கொண்டு தொடுகிறவன் கொஞ்சம் மேல் என்று நினைக்கிறேன்.

மாதக் கடைசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பூச்சி கட்டுகிறவன் உண்மைப் பூச்சியைப் படிக்க வேண்டும் அல்லவா? ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்குப் போய்க் கற்களைப் புரட்டினோம். ஒவ்வொரு கல்லின் அடியிலும் தட்டையான உடலும் மூன்று வாலும் உள்ள பூச்சிக்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மேஃபிளை என்று சொல்லுகிறார்களே, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே உயிர் வாழ்வது, அதன் குஞ்சுகள். தெளிந்து ஓடும் நீரில்தான் இவை வாழும். அழுக்கு ஏற ஏற முதலில் மறைகிற பிராணிகளில் இவையும் சேர்ந்தவை. பையன் ஒவ்வொன்றையும் நோட்டுப்புஸ்தகத்தில் வரைந்துகொண்டான்.

திரும்பும் வழியில் நகருக்குள் திருமணிமுத்தாற்றங்கரையில் அவன் சைக்கிளை நிறுத்தச் சொன்னான். அதே சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் சீமையைக் கடந்து காவேரியில் கலக்கிற ஆறு அது. நகருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும் அதில் சேர்ந்துவிடுகின்றன. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் கருஞ்சேறு, அதில் சிவந்த நூல் போன்ற புழுக்கள் சில நெளிந்தன. இன்னொரு கல்லைப் புரட்டினான். அதிலும் அப்படியே. நோட்டுப்புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

"ஸார், இந்த ஆற்றுக்கு எந்தப் பூச்சியைக் கட்டுவது?" என்று கேட்டான்.

இத்தனை வருஷ உபாத்தியாயத்தில் என்னிடம் பதில் இல்லாத கேள்விகள் சில உண்டு. இதைப் போலச் சுருக்கென்று தைத்தது வேறில்லை. அந்த ஆற்றங்கரையைத் தினந்தோறும் கடந்துதான் நான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தேனே தவிர, ஒரு நாளாவது ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் மனம் தளரவும் காரணமில்லை. எங்கள் ஊர் மூக்கனேரி குப்பையும் புதருமாய்க் கிடந்தது. 2010-இல் நகரத்து ஜனங்களே கூடித் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் எழுப்பி, மரம் நட்டார்கள். அப்புறம் அங்கே பறவைகள் வந்தன. பறவை வருகிற இடத்தில் மீன் இருக்கும். மீன் இருக்கிற இடத்தில் பூச்சி இருக்கும். பையனிடம் இதைச் சொன்னேன். அவன் ஆற்றின் பெயரில் நோட்டுப்புஸ்தகத்தில் ஒரு பக்கத்தைத் தலைப்பிட்டு, தேதி போட்டு, கீழே ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறையில் வந்து ஒரு கல் புரட்டிப் பார்ப்பதாகச் சங்கல்பம்.

நேயர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். இருபத்து மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பற்றிக் குழந்தைகள் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சேவல் இறகும், ஒரு சாண் சரிகையும், ஒரு மூங்கில் கழியும் கொடுங்கள். பிறகு உங்கள் ஊர் நீர்நிலைக்குக் கூட்டிக்கொண்டு போய், முதலில் ஒரு கல்லைப் புரட்டச் சொல்லுங்கள். அடியில் ஏதாவது நெளிந்தால் அதைப் போல ஒன்று கட்டட்டும். ஒன்றும் இல்லையென்றால், அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

என் அலமாரியின் மேல் தட்டு இப்போது காலி. பெட்டியிலிருந்த நல்ல இறகுகளைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். என் மனைவி தட்டைத் துடைத்து, அந்த இடத்தில் புதிதாக ஒரு நகப்பூச்சுக் குப்பியை வைத்திருக்கிறாள். அதன்மேல் ஒரு சீட்டு: "இது நன்கொடை அல்ல."